இருபத்தாறாம் பொந்தின் மிஸ்டு கால்

பட்டாசுக் கம்பெனிக்குள் தீப்பெட்டி போகக் கூடாது, பீடி போகக் கூடாது, ஆணி அடித்த செருப்பு போகக் கூடாது. செல்போன் வந்த பிறகு அதுவும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. நான் வேலை பார்த்த கம்பெனி வெம்பக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருந்தது. திருத்தங்கலில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் எஸ்டிமேட் போட்டு ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா இருந்தால் கூரை ஓட்டை எண்ண ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்து, என் மனைவிதான் அந்தக் கேட் ஆபீஸ் வேலைக்குப் பிடித்துத் தள்ளினாள். காலையில் ஆளை எண்ணி உள்ளே விடுவது, மாலையில் ஆளை எண்ணி வெளியே விடுவது. இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

செல்போன்களை வைக்க கேட் அறைச் சுவரில் ஒரு மரத்தட்டு அடித்திருந்தோம். ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு அறை. புறாக்கூண்டு போல இருக்கும். பெண்கள் அதைப் பொந்து என்பார்கள். ஒவ்வொரு பொந்தின் நெற்றியிலும் டோக்கன் எண்ணைப் பெயிண்டில் எழுதியிருந்தோம். இருபத்தாறாம் டோக்கன்காரர் இருபத்தாறாம் பொந்தில் போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போவார்.

பொந்துகளுக்குக் காவல் எங்கள் வாட்ச்மேன். பழைய லாரி டிரைவர். வயதில் எனக்கு ஒன்பது வருடம் இளையவர், வாயில் மூத்தவர். போன் அடித்தால் அவர் எடுக்க மாட்டார். எடுத்தால் கூப்பிட்டவருக்குக் காசு போய்விடும். கூப்பிடுகிறவர்களும் எடுப்பதற்காகக் கூப்பிடுவதில்லை. ஒரு தடவை அடித்ததும் துண்டித்துவிடுவார்கள். எத்தனை தடவை அடிக்கிறது என்பதுதான் செய்தி. ஒருவர் வீட்டில் ஒன்று என்றால் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டது. இன்னொருவர் வீட்டில் ஒன்று என்றால் தண்ணீர் லாரி வந்துவிட்டது. வாட்ச்மேன் போனின் முகத்தைப் பார்ப்பார், இத்தனை மிஸ்டு கால் என்று அதில் எழுதியிருக்கும், அதை ஷெட்டுகளுக்குச் சரக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டிக்காரரிடம் சொல்லி அனுப்புவார். லோடு ஏற்றும் ஒருவருக்கு மூன்று என்றால் மாமியார் வந்திருக்கிறார், கறி வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்று பொருள். இது கம்பெனிக்கே தெரியும். "முப்பத்தொண்ணுக்கு மூணு விழுந்திருக்கு. மாமியாருக்குக் கறி, மருமகனுக்கு எலும்புன்னு சொல்லிரு" என்று வாட்ச்மேன் சொல்லி அனுப்புவார்.

இந்த ஏற்பாட்டில் எந்தக் குறையும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இதற்குள் ஆராய்ச்சி வந்தது.

என் தம்பி மகள் விருதுநகர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டே பிஎச்டி செய்துகொண்டிருந்தாள். செல்போனைப் பூட்டுவதும் திறப்பதும் அவளுடைய பொருள். போன் தன் சொந்தக்காரரை எப்படி அடையாளம் காண வேண்டும், அதைச் சாதாரண மனிதர்கள் சிரமமில்லாமல் எப்படிச் செய்ய முடியும் என்று அதற்கு விளக்கம் சொன்னாள். முதலில் என்னையே உட்கார வைத்துச் சோதித்தாள். என் கட்டைவிரல் ஒரே நேரத்தில் இரண்டு பொத்தான்களை மூடியது. நான் அழுத்தினால் திரையில் நட்சத்திரம்தான் விழுந்ததே தவிர, எந்த எண்ணை அழுத்தினேன் என்று தெரியவில்லை. நட்சத்திரம் போட்டு யாரிடமிருந்து மறைக்கிறாய் என்று கேட்டேன். பக்கத்தில் இருப்பவரிடமிருந்து என்றாள். பக்கத்தில் இருந்தது அவள் மட்டும்தான். நான் மூன்று தடவை தப்பாக அழுத்தியதும் போன் பூட்டிக்கொண்டது. அவள் ரொம்பச் சந்தோஷமாக எதையோ குறித்துக்கொண்டாள். நான் தோற்றதில் அவளுக்கு ஏதோ கிடைத்தது போலிருந்தது.

அப்புறம் அவளுக்கு வேலைக்குப் போகிற ஆட்கள் தேவைப்பட்டார்கள். கல்லூரியில் பன்னிரண்டு செட் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பெரிய திரை, கலர்ப் படம், பாட்டுக் கேட்கலாம். அவற்றில் அவள் எழுதிய பூட்டு இருந்தது. நான்கு இலக்க ரகசிய எண். மூன்று தடவை தப்பினால் அவளே நேரில் வந்து திறந்தால்தான் உண்டு. நம் சிம்மை அதில் போட்டு நான்கு வாரம் வைத்திருக்க வேண்டும். ரகசிய எண்ணை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. முதலாளியிடம் நான்தான் பேசி அனுமதி வாங்கினேன். கலர்ப் படத்தைப் பார்த்ததும் பன்னிரண்டு பேர் உடனே கிடைத்துவிட்டார்கள்.

பூட்டைப் போட்ட அன்றைக்கே எனக்கு எரிச்சல் ஆரம்பித்தது. பூட்டியிருக்கும் போனின் முகத்தில் மணியும் ஒரு பூட்டுப் படமும் மட்டும்தான் தெரிந்தன. எத்தனை மிஸ்டு கால் என்பது உள்ளே போய்விட்டது. அதைப் பார்க்க ரகசிய எண் வேண்டும். தம்பி மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒருவரைத் தேடி அழைப்பு வந்திருக்கிறது என்பதே அவருடைய அந்தரங்கம் என்றாள். இங்கே அந்தரங்கத்தைத் தள்ளுவண்டியில் வைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம் அம்மா என்றேன். சிரித்தாள். இதை மாற்றிக் கொடு என்றேன். ஆராய்ச்சி நடக்கும்போது நடுவில் எதையும் மாற்றினால் முடிவு செல்லாமல் போய்விடும், அவளுடைய வழிகாட்டி சம்மதிக்க மாட்டார் என்றாள்.

வாட்ச்மேன் கவலையே படவில்லை. இரண்டாம் நாளே அவர் பாட்டுக்குப் போன்களைத் திறந்து எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தார். எப்படி என்று கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டு வருசமா கணக்குப் போட்டிருக்கீக, இது தெரியலையா? டோக்கன் நம்பர ரெண்டு தடவ அமுக்குனா தொறந்துக்கிருது."

நிஜம்தான். முப்பத்தொன்றாம் டோக்கன்காரர் முப்பத்தொன்று முப்பத்தொன்று என்று வைத்திருந்தார். பதினெட்டுக்காரர், பதினெட்டு பதினெட்டு. மறந்துபோகாத எண் ஒன்று வேண்டும் என்றதும் எல்லோருக்கும் ஒரே எண்தான் தோன்றியிருக்கிறது. கூலி வாங்குவதும், சரக்கு வாங்குவதும், சாப்பாட்டுத் தூக்கை அடையாளம் வைப்பதும் அந்த எண்ணில்தான். அந்த எண்ணைத்தான் நாங்கள் பொந்தின் நெற்றியில் பெயிண்டில் எழுதியிருந்தோம். தம்பி மகள் ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்னபோது ஒவ்வொருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு, கையால் மூடிக்கொண்டு, இதைத்தான் அழுத்தியிருக்கிறார்கள்.

பன்னிரண்டில் பதினொன்று இப்படித் திறந்தது. இருபத்தாறு திறக்கவில்லை.

இருபத்தாறாம் டோக்கன் ஒரு அம்மாள். பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்குத் திரி செருகும் அறையில் வேலை. அதிகம் பேசாதவர். அவருடைய ஒரே மகள் முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை திருப்பூரில். தீபாவளி சீசன், லீவு கிடையாது. அந்த அம்மாள் வேலைக்கு வந்தாக வேண்டும். மகளுக்குத் துணை பக்கத்து வீட்டுக்காரி, போனும் அவளுடையதுதான். மதியம் ஒரு மிஸ்டு கால் வந்தால் மகள் சாப்பிட்டுவிட்டாள், சும்மா இருக்கிறாள். இரண்டு வந்தால் வலி எடுத்துவிட்டது, உடனே புறப்பட்டு வர வேண்டும். இதுவும் கம்பெனிக்கே தெரியும். பழைய போனில் சத்தம் சரியாகக் கேட்காது என்று பயந்துதான் அவர் புதுப் போனுக்குக் கை தூக்கியிருந்தார்.

நான் அவரிடம் ரகசிய எண்ணைக் கேட்டேன். வாட்ச்மேனிடம் வேண்டாம், என்னிடம் மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

"அந்தப் புள்ள யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லுச்சு அண்ணாச்சி. நா சரின்னு தலையாட்டிட்டேன்."

அது என் தம்பி மகள்தான், நான் சொன்னால் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்றேன். அவர் அசையவில்லை. டீக்கு விடும்போதும் சாப்பாட்டுக்கு விடும்போதும் தானே வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பார்த்தும் வந்தார். இரண்டு வாரம் அப்படித்தான் ஓடியது. மதியம் வந்து, முந்தானையில் கையைத் துடைத்து, அலுமினியப் பவுடர் படிந்த விரலால் நான்கு எண்களை அழுத்தி, ஒன்று என்று பார்த்து, போனைப் பொந்தில் வைத்துவிட்டுப் போவார். அவர் அழுத்தும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மூன்றாவது வாரம். டீ முடிந்து எல்லோரும் உள்ளே போய்ச் சற்று நேரம் ஆகியிருந்தது. பொந்துப் பக்கம் போன் அடித்து நின்றது. உடனே மறுபடி அடித்து நின்றது. நான் ஆள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினேன். பன்னிரண்டு செட்டுக்கும் ஒரே மணியோசை. அதை எப்படி மாற்றுவது என்று யாருக்கும் பிடிபடவில்லை. இருபத்தாறில் வெளிச்சம் எரிந்து அணைந்துகொண்டிருந்தது. இருபத்தேழிலும் அப்படியே. வந்த அழைப்பைப் பார்க்கும் வரை அந்த வெளிச்சம் நிற்காது.

வாட்ச்மேன் இருபத்தேழைத் திறந்தார். அதில் ஒரு மிஸ்டு கால் இருந்தது. அது இப்போது வந்ததா, காலையில் வந்து பார்க்காமல் விட்டதா என்று அவருக்கு நிச்சயமில்லை; வந்த நேரத்தை அதில் எங்கே தேடுவது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. இப்போது வந்தது என்றால் இருபத்தாறுக்கு ஒன்று. காலையில் வந்தது என்றால் இருபத்தாறுக்கு இரண்டு. இரண்டாகத்தான் இருக்கும் என்றேன் நான். ஒன்றுதான் என்றார் அவர். அச்சகத்தில் ஒரு ரீம் தாளைக் கையில் பிடித்து விசிறியே ஐந்து தாள் குறைகிறது என்று சொன்னவன் நான். கண்ணெதிரே அடித்த மணி ஒன்றா இரண்டா என்று ஒரு லாரி டிரைவரோடு தர்க்கம் செய்துகொண்டு நின்றேன்.

நான் சுதாரிப்பதற்குள் அவர் இருபத்தாறை எடுத்து எண்ணை அழுத்த ஆரம்பித்துவிட்டார். இருபத்தாறு இருபத்தாறு. தப்பு. அதைத் திருப்பிப் போட்டு அறுபத்திரண்டு அறுபத்திரண்டு. தப்பு. வேண்டாம், மூன்றாவது தடவை வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், மகள் கல்யாணமான வருடமாக இருக்கும் என்று அதையும் அழுத்திவிட்டார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. பொறுப்பாளரை அணுகவும் என்று அர்த்தம். பொறுப்பாளர் விருதுநகரில் இருந்தாள்.

கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு செல்போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஷெட்டுக்கு நடந்தேன்.

ஷெட்டுகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் போகக் கூடாது என்பதற்காக. என் முழங்காலுக்கு அந்த இடைவெளி பிடிக்காது. திரி செருகும் அறை கடைசியிலிருந்து இரண்டாவது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று, வீட்டிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது என்றேன். அந்த அம்மாள் திரியைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தார்.

"எத்தன அண்ணாச்சி?"

கூட இருந்த மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணா, ரெண்டா?"

"சரியாத் தெரியலம்மா. ரெண்டுன்னு நெனைக்கேன்."

"ஒங்களுக்கே தெரியலையா?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

போர்மேன் வந்தார். தட்டில் எடுத்து வைத்த பூச்சட்டியைப் பாதியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது, கையில் எடுத்ததை முடித்து ஒப்படைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அது பாதுகாப்பு விதி, அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு என்று நான் அடித்துச் சொல்லியிருந்தால் அவரே தட்டை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்திருப்பார். நினைக்கிறேன் என்ற ஒரு சொல்லுக்காக விதியைத் தளர்த்த அவருக்கு வழியில்லை. அந்த அம்மாள் மறுபேச்சு இல்லாமல் உட்கார்ந்து செருகினார். அவசரப்படவும் கூடாத வேலை. தட்டில் மிச்சமிருந்தது முப்பத்து நான்கு. நான் வாசலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணிக்கையால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கேட்டுக்கு வந்து போனை எடுத்து, வழக்கம்போல எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் ரகசிய எண்ணை அழுத்தினார். சரியான எண்ணைத்தான் அழுத்தியிருப்பார். போன் ஏற்கவில்லை. அது ஏற்கெனவே பூட்டிக்கொண்டுவிட்டது. நான் என் போனை நீட்டி, பக்கத்து வீட்டுக்கு இதில் பேசுங்கள் என்றேன். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். பக்கத்து வீட்டுக்காரியின் எண் அவருக்குத் தெரியாது. அது பூட்டிய போனுக்குள் இருந்தது.

வாட்ச்மேன் தன் மொபெட்டை எடுத்து மிதித்தார். அவர் வாய் பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன். அந்த அம்மாள் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கேட்டை நான் திறந்தேன். அன்று மாலை எண்ணிக்கையில் ஒரு ஆள் குறையும் என்று அந்த நேரத்திலும் மனதில் ஓடியது. மூளையின் பழக்கம் அப்படி.

மீதியை வாட்ச்மேன் திரும்பி வந்து சொல்லித் தெரிந்துகொண்டேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீடும் பூட்டு. தெருவில் விசாரித்தால், ஒருவர் சிவகாசி பெரியாஸ்பத்திரி என்றார், இன்னொருவர் வேறு நர்சிங் ஹோம் என்றார். இரண்டாவது இடத்துக்கு முதலில் போய், அங்கே இல்லை என்று பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். போய்ச் சேர்வதற்குள் பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் குறையில்லை. ஆனால் உள்ளே போகும் வரைக்கும் அந்தப் பெண், எங்க அம்மா வரட்டும் என்று பக்கத்து வீட்டுக்காரியின் கையை விடாமல் அழுதுகொண்டிருந்தாளாம். தாயைப் பார்த்ததும் குழந்தையைக் காட்டவில்லை.

"ரெண்டு குடுக்கச் சொன்னேனம்மா. குடுத்தாகளே. ஏம்மா வரல?"

இதைச் சொல்லிவிட்டு வாட்ச்மேன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மாலையில் தம்பி மகள் பஸ் பிடித்து ஓடி வந்தாள். அன்று அவளுக்குக் கல்லூரியில் பரீட்சை மேற்பார்வை. பரீட்சை நடக்கும் அறைக்குள் ஆசிரியர்களும் செல்போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்து எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

"ஒம்பது மிஸ்டு கால் பெரியப்பா. பாத்ததும் பஸ் ஏறிட்டேன்."

"ஒனக்கு எத்தனைன்னு தெரிஞ்சிருக்கு, பாத்தியா" என்றேன்.

அவள் முகம் மாறியது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உன் போன் பெட்டிக்குள் கிடந்தாலும் எண்ணிக்கையைச் சொல்கிறது, நீ அடுத்தவருக்குக் கொடுத்த போன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இரண்டு வாரத்துக்கு முன்பே உன்னிடம் சொன்னேனே என்று கேட்டேன். அவள் இருபத்தாறை வாங்கித் தன் சாவி எண்ணைப் போட்டுத் திறந்தாள்.

நான்கு மிஸ்டு கால்.

இரண்டு கொடுத்திருக்கிறார்கள். ஆள் வரவில்லை என்றதும் மறுபடியும் இரண்டு கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது தடவை வந்தபோது நான் ஷெட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்திருப்பேன்; வாட்ச்மேன் என் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றிருப்பார். நான்கு என்றால் என்ன என்று அந்த வீட்டில் யாரும் பேசி வைத்ததில்லை.

"நா ஒண்ணுன்னேன், நீங்க ரெண்டுன்னீக. அங்கன நாலு கெடக்கு" என்றார் வாட்ச்மேன்.

தம்பி மகள் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய் அந்த அம்மாளைப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. உங்க போனை எடுத்துக்கிடுங்கம்மா என்று மட்டும் சொன்னாராம். பூட்டைத் திருத்த முடியாது என்றால் மற்ற பதினொரு பேரிடம் இருந்ததைத் திரும்ப வாங்கிவிடு என்று நான் சொன்னேன். இன்னும் ஒரு வாரம்தான் பெரியப்பா என்றாள். அவளுக்கும் வேறு வழியில்லை. சம்பளமும் பதவி உயர்வும் அந்தப் பட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த ஒரு வாரமும் வாட்ச்மேன் டோக்கன் எண்ணை இரண்டு தடவை அழுத்தி ஊரார் செய்தியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

பட்டம் வாங்கிய பிறகு கெட்டி அட்டை போட்ட அவளுடைய ஆய்வேட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆங்கிலம்தான், நிதானமாகப் படித்தால் எனக்குப் புரியும். எங்கள் கம்பெனியின் பக்கத்தைத் தேடினேன். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள், பதினொரு பேர் நிறைவு செய்தார்கள், ஒருவர் பாதியில் விலகினார் என்று இருந்தது. பதினொரு பேரும் ரகசிய எண்ணை மறக்காமல், தப்பாமல் பயன்படுத்தினார்கள் என்று பாராட்டு வேறு. எல்லோரும் டோக்கன் எண்ணைத்தான் வைத்தார்கள் என்பதை எழுதியிருந்தாள். அது அவள் நேர்மை. மிஸ்டு கால் எண்ணிக்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதியதாகவும், அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது என்று வழிகாட்டி அடித்துவிட்டதாகவும் சொன்னாள்.

"நீ சொன்னத சொன்னபடி செஞ்சது பன்னெண்டு பேர்ல அந்த ஒரு அம்மாதான். அவுகளத்தான் கழிச்சிருக்க" என்றேன்.

"நாலு வாரம் முடிக்கலையே பெரியப்பா" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ரகசிய எண் என்ன என்பது கடைசிவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அந்த அம்மாள் மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். பழைய போன், ரப்பர் பேண்டு சுற்றியது. இருபத்தாறாம் பொந்தில் வைத்துவிட்டுப் போனார். மதியம் மகள் கொடுக்கும் ஒரு மிஸ்டு காலுக்கு இப்போது குழந்தை தூங்குகிறது என்று அர்த்தம். பழைய போனின் முகத்தில் எண்ணிக்கை பளிச்சென்று தெரிந்தது. தள்ளுவண்டியில் சொல்லி அனுப்பினோம். அனுப்பிய பிறகும் அவர் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு நடந்து வந்தார். ஒன்றுதான் அம்மா, நானே பார்த்தேன் என்பேன். சரிங்க அண்ணாச்சி என்பார். சொல்லிவிட்டுப் போகாமல் நிற்பார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனுக்காகக் கையை நீட்டுவார்.

நான் எடுத்துக் கொடுப்பேன். அவர் தானே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.